டெல்டாப் பள்ளிக்குத் தொலைநோக்கிக் கிட்: வாங்குவதிலிருந்து இரண்டாம் தை வரை

காவிரி டெல்டாவில் ஒரு பள்ளிக்குத் தொலைநோக்கிக் கிட் கொடுத்தால், அந்தக் கொடை நின்றதா இல்லையா என்று கொடுத்த அன்றைக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையை அது பீரோவுக்குள் கடந்தாக வேண்டும். அடுத்த தையில் அதே குழாய் வெளியே வந்து, பிள்ளைகள் அதில் நிலாவைப் பார்த்தால்தான் கொடை பிழைத்தது என்று அர்த்தம். கிட் தேர்வு, எண்ணிக்கை, ஒப்படைக்கும் தேதி, சேமிக்கும் பெட்டி என இந்த வழிகாட்டியில் வரும் எல்லாமே அந்த இரண்டாம் தையை வைத்துத்தான் முடிவு செய்யப்பட்டிருக்கின்றன.

ஒரு அரசு நடுநிலை அல்லது உயர்நிலைப் பள்ளி, எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பு, சுமார் 40 பிள்ளைகள். கணக்கெல்லாம் இதற்குத்தான். பத்தாம் வகுப்பை எடுக்க வேண்டாம். வானம் தெளியும் மாதங்களில் அவர்களுக்குத் தேர்வு நெருங்கிவிடும்.

முதலில் பள்ளி, அப்புறம்தான் பொருள்

பொருளை வாங்கி வைத்துக்கொண்டு பள்ளி தேடுகிறவர்கள் நிறைய. அது தலைகீழ். முதலில் பள்ளிக்குப் போய் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஆள். ஒரே ஒரு அறிவியல் ஆசிரியரை நம்பி இறங்கக் கூடாது. மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் கிட்டும் அவரோடு போனதுபோல்தான். இரண்டு ஆசிரியர்கள் வேண்டும், ஒருவர் உள்ளூர்க்காரராக இருந்தால் நல்லது. கூடவே கிட்டைப் பார்த்துக்கொள்ள எட்டாம் வகுப்பில் ஆறு பிள்ளைகள். அவர்கள் அடுத்த ஆண்டும் அங்கேயே படிக்கும் பள்ளியாக இருக்க வேண்டும். எட்டோடு முடிகிற பள்ளி என்றால் ஏழாம் வகுப்பிலிருந்து எடுங்கள்.

இரண்டு, திறந்த வெளி. டெல்டாவில் மலை இல்லை, ஆனால் தென்னை இருக்கிறது. பள்ளித் திடலில் நின்று கையை முழுதாக நீட்டி, முஷ்டியைத் தொடுவானத்தில் வைத்தால் ஒரு முஷ்டி உயரம் ஏறக்குறைய 10 டிகிரி. கிழக்கிலும் மேற்கிலும் மூன்று முஷ்டிக்கு மேல் மரமோ கட்டடமோ மறைக்கக் கூடாது. தெற்கில் இரண்டு முஷ்டிக்குள் இருந்தால் அகத்தியர் விண்மீனும் தெரியும்; தஞ்சை, திருவாரூர் பகுதியில் அது 26 டிகிரிதான் ஏறும். வடக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். துருவ நட்சத்திரமே இங்கே 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது.

மூன்று, மாடி அறை அல்லது நான்கடிக்கு மேல் தட்டு உள்ள பீரோ. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும் பள்ளிகள் எவை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது எது நனைந்தது, எது பிழைத்தது என்று கேளுங்கள்.

நான்கு, மாலை 6.15 முதல் 8.15 வரை பிள்ளைகள் பள்ளியில் இருக்க வழி உண்டா? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, பெண் பிள்ளைகளை யார் வந்து அழைத்துப் போவார்கள், கழிப்பறை திறந்திருக்குமா, விளக்கை அணைக்கும் சாவி யாரிடம்? இவற்றுக்குப் பதில் இல்லாத பள்ளியில் எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தும் பயனில்லை.

எந்தக் கிட்

கிட் என்றால் பிள்ளைகளே பொருத்திக்கொள்ளும் 50 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியைத்தான் முதலில் சொல்வோம். கலிலியோ தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பி 400 ஆண்டுகள் ஆனதை ஒட்டி 2009ஆம் ஆண்டு சர்வதேச வானியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அப்போது வந்த ‘கலிலியோஸ்கோப்’ இந்த வகைக்கு நல்ல முன்மாதிரி: 50 மி.மீ. விட்டமுள்ள இரட்டை லென்ஸ், 500 மி.மீ. குவியத்தூரம், 20 மி.மீ. ஐபீஸ் (கண் வைக்கும் முனையில் உள்ள லென்ஸ்), 25 மடங்கு உருப்பெருக்கம். இந்த அளவுகளில் எந்த நிறுவனத்தின் கிட் கிடைத்தாலும் சரிதான்.

25 மடங்கு போதுமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சனியின் வளையம் வானத்தில் சுமார் 40 விகலை அகலம் (ஒரு டிகிரிக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). 25ஆல் பெருக்கினால் 1000 விகலை, அதாவது ஏறக்குறைய 17 கலை. வெறுங்கண்ணுக்கு முழுநிலா சுமார் 30 கலை. ஆக, சனி பாதி நிலா அளவுக்குத் தெரியும். வியாழனின் நான்கு நிலவுகள், நிலாவின் பள்ளங்கள், கார்த்திகைக் கூட்டம், பூசத்தின் தேன்கூட்டுக் கொத்து எல்லாம் இதில் அடக்கம். ஐபீஸோடு சேர்த்து உருப்பெருக்கத்தைக் கூட்டும் 2 மடங்கு பார்லோ லென்ஸ் கூட இருந்தால் 50 மடங்கு. 50 மி.மீ. லென்ஸுக்கு 100 மடங்குக்கு மேல் போனால் பிம்பம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. பெட்டியில் 525 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: முன் லென்ஸ் கண்ணாடியா பிளாஸ்டிக்கா, இரண்டு கண்ணாடி சேர்ந்த நிறப்பிழை நீக்கிய லென்ஸா, ஐபீஸ் ஒன்றேகால் அங்குலப் பொதுவான அளவா, அடியில் கேமரா ட்ரைபாட் மரை உண்டா, உதிரி லென்ஸ் தனியாகக் கிடைக்குமா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் இரண்டு கிட் அதிகம் வாங்கி, அவற்றை உதிரிக்காகவே ஒதுக்கிவிட வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை மூன்று. 76 மி.மீ. கண்ணாடியும் (லென்ஸுக்குப் பதில் ஒளியைக் குவிக்கும் குழியாடி) 300 மி.மீ. குவியத்தூரமும் உள்ள மேசைத் தொலைநோக்கி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவ்வளவு குட்டையான கோளக் கண்ணாடியில், கோளைப் பார்க்க உருப்பெருக்கத்தைக் கூட்டினால் பிம்பம் குழைந்துவிடும். அடுத்தது 114 மி.மீ. கண்ணாடி வகை. பெட்டியில் குவியத்தூரம் 1000 என்று இருக்கும், குழாயோ அரை மீட்டர்தான். வித்தியாசத்தை ஈடுகட்ட ஃபோகஸருக்குள் (ஐபீஸை முன்பின் நகர்த்தும் பகுதி) ஒரு லென்ஸைச் செருகியிருப்பார்கள். அதன் ஒளியச்சைச் சரிசெய்வது தேர்ந்தவர்களுக்கே தலைவலி. மூன்றாவது, மலிவு இக்வடோரியல் மவுன்ட், அதாவது வானம் சுழல்வதைப் பின்தொடரும்படி சாய்ந்த அச்சுள்ள தாங்கி. அதன் அச்சைத் துருவத்தை நோக்கி 11 டிகிரிக்குச் சாய்க்க வேண்டும். ஐரோப்பா, அமெரிக்காவை மனதில் வைத்துச் செய்தவை அவ்வளவு இறங்கத் தடுமாறும், எதிரெடை ட்ரைபாட் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமும் தென்னைக்குப் பின்னால் இருக்கும். மேல்-கீழ், இட-வலம் மட்டும் திரும்பும் எளிய தாங்கியே இந்த ஊருக்குச் சரி.

பள்ளிக்குப் பொதுவாகப் பெரிய தொலைநோக்கி ஒன்றும் கொடுக்க முடிந்தால், தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி போன்ற உள்பகுதிகளுக்கு 150 மி.மீ. டாப்சோனியன் (எளிய மரத்தாங்கியில் நிற்கும் கண்ணாடி வகை) நல்ல தேர்வு. நாகப்பட்டினம், வேதாரண்யம், பூம்புகார் என்று கடலோரமானால் கண்ணாடியின் அலுமினியப் பூச்சை உப்புக்காற்று தின்றுவிடும். அங்கே 80 அல்லது 90 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி கொடுங்கள்.

பணம் மிகக் குறைவு என்றாலும் வழி இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பிளஸ் 1 பவர் வட்ட லென்ஸ் கேட்டால் தருவார்கள். அதன் குவியத்தூரம் சரியாக ஒரு மீட்டர். 63 மி.மீ. பிவிசி குழாயின் முனையில் அதைப் பொருத்தி, முன்னால் 25 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டையை ஒட்டி, பின்னால் 25 மி.மீ. ஐபீஸ் வைத்தால் 40 மடங்கு. குழாயின் உள்ளே கரும்பலகை பெயின்ட் அடிக்க வேண்டும். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், ஆனால் நிலாவைச் சுற்றி ஊதா விளிம்பு வந்துவிடும். நிலாவுக்கு இது தாராளம், சனிக்குப் பற்றாது.

ட்ரைபாட்

கிட் கொடையில் பாதி தோற்பது இங்கேதான். 25 மடங்கில் கை நடுக்கமும் 25 மடங்காகும். குழாய் மட்டும் கொடுத்துவிட்டு, ட்ரைபாட்டைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், குழாய் பெட்டியிலேயே கிடக்கும். பணம் இருப்பது பத்துக் குழாய்க்குத்தான் என்றால் ஐந்து குழாயும் ஐந்து ட்ரைபாடும் வாங்குங்கள். ட்ரைபாட் விலை சில சமயம் குழாய் விலையை எட்டும், அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

மரை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. ஏறக்குறைய எல்லாக் கேமரா ட்ரைபாடுக்கும் இதுதான். சோதனை எளிது: தொலைநோக்கியைப் பொருத்தி, தூரத்துக் கோபுரக் கலசத்தைப் பார்த்தபடி குழாயை விரலால் தட்டுங்கள். ஆட்டம் இரண்டு விநாடிக்குள் அடங்க வேண்டும். நான்கு விநாடி ஆனால் அந்த ட்ரைபாட் வேண்டாம், அல்லது நடுத்தண்டில் இரண்டு கிலோ மணல் பையைத் தொங்கவிட்டு மறுபடி பாருங்கள். நடுத்தண்டை மேலே உயர்த்தவே கூடாது, கால்களை மட்டும் நீட்ட வேண்டும்.

ஊர்த் தச்சரிடம் செய்வதும் நல்ல வழி. இரண்டுக்கு ஒன்று அங்குல ரீப்பரில் நாலரை அடி நீளக் கால்கள் மூன்று, மேலே ஒரு பலகை, அதில் கேமரா ட்ரைபாட் தலை. மரம் அதிர்வை உலோகத்தைவிட நன்றாக விழுங்கும். கால் முனையில் ரப்பர் புஷ் போடச் சொல்லுங்கள்.

இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 11 டிகிரி அட்சரேகையில் கோள்கள் போகும் பாதை தலைக்கு மேலே வருகிறது. நேரான குழாயை ட்ரைபாட்டில் 60 டிகிரிக்கு மேல் தூக்கினால் ஐபீஸ் காலுக்கு நடுவே போய்விடும், பிள்ளை மல்லாந்து படுத்தால்தான் கண் எட்டும். கிட்டோடு டயகனல் (பார்வையைப் பக்கவாட்டுக்குத் திருப்பும் துண்டு) பொருந்துமானால் ஒன்று வாங்குங்கள். பொருந்தாத கிட்டுக்கு, பார்க்கும் பொருள் 30 முதல் 55 டிகிரிக்குள் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதுதான் வழி. வெளிநாட்டுக் கையேடுகள் உச்சியில் இருக்கும்போது பார்க்கச் சொல்லும். அந்த அறிவுரை இங்கே கழுத்துவலியில் முடியும்.

ஒரு பள்ளிக்கான கணக்கு

ஐந்து பிள்ளைக்கு ஒரு குழாய் என்பது மேல்வரம்பு. அதைத் தாண்டினால் வரிசையில் நிற்பதுதான் நினைவில் நிற்கும். 40 பிள்ளைக்கு:

– பொருத்தும் கிட் 10 (பயன்பாட்டுக்கு 8, உதிரிக்கு 2)
– ட்ரைபாட் 8
– ரப்பர் வளையம் உதிரி 16, கால் அங்குல நட் உதிரி 8
– ரப்பர் ஊதி 1, மைக்ரோஃபைபர் துணி 10, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 100 மி.லி.
– ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகாப் பிளாஸ்டிக் பெட்டி, 60 லிட்டர், 2
– ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் ஒரு கிலோ, சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி 2
– டார்ச் 8, ஒளி ஊடுருவும் சிவப்பு செலோஃபேன் தாள்
– கோரைப் பாய் 4, பிளாஸ்டிக் நாற்காலி 8
– 10 டிகிரி வட அட்சரேகைக்கான சுழல் விண்மீன் வரைபடம் 8

வரைபடத்தில் கவனம் தேவை. கடையில் கிடைப்பவற்றில் பல 40 டிகிரிக்கு அச்சடித்தவை. அவற்றில் நம் தெற்கு வானம் இருக்காது, துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். பிள்ளை வெளியே பார்ப்பதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால், தப்பு தன் மீதுதான் என்று அது நினைத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் இலவச மென்பொருளான ஸ்டெல்லாரியத்தில் ஊரைக் குறிப்பிட்டு, மாதத்துக்கு ஒரு படம் அச்செடுத்துக் கொடுங்கள். அதில் திருவாதிரை, ரோகிணி, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை என்று பஞ்சாங்கப் பெயர்களையும் எழுதிவிடுங்கள். வீட்டில் ஆத்தாவும் தாத்தாவும் சொல்லும் நட்சத்திரம் எது என்று பிள்ளைக்கு அப்போதே பிடிபடும். நவக்கிரகக் கோயில்கள் சூழ்ந்த மண் இது. ஆலங்குடிக்கும் திருநள்ளாற்றுக்கும் போய்வந்த பிள்ளைக்கு வியாழனும் சனியும் ஏற்கெனவே தெரிந்த பெயர்கள்.

தாளும் பதிவேடும்

பள்ளியில் தொலைநோக்கி பூட்டிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமல்ல, பயம். “வெளிய எடுத்து உடைஞ்சா ஆடிட்ல நாந்தானே சார் பதில் சொல்லணும்?” என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அது நியாயமான கேள்வி. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளுக்கு ஆசிரியர் பொறுப்பாளி. அந்தப் பயத்தைக் கொடையாளர்தான் எடுக்க முடியும். கொடைக் கடிதத்தில் இந்த வரிகள் கட்டாயம் இருக்கட்டும்: இவை மாணவர்கள் கையாளுவதற்கே கொடுக்கப்படுகின்றன, பயன்பாட்டில் உடைவதும் தேய்வதும் எதிர்பார்க்கப்படுவதே, மூன்றாண்டுக்கு உடைந்த பாகங்களைக் கொடையாளரே மாற்றித் தருவார், இதற்காக எந்த ஆசிரியரிடமும் ஈடு கோரப்படாது. உதிரிப் பாகங்களைக் கிட்டிலிருந்து பிரித்து, நுகர்பொருளாகத் தனி வரியில் பதியும்படி தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.

வரிசை இப்படி: தலைமையாசிரியரிடம் எழுத்துப்பூர்வ விருப்பம், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம், பிறகு கொள்முதல், அப்புறம் கடிதமும் பட்டியலும் இரண்டு பிரதி, பதிவேட்டில் பதிவு, அந்தப் பக்க எண்ணை உங்கள் பிரதியில் குறித்தல். நிறுவனம் சார்பில் கொடுப்பவர்கள் 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகவும் போகலாம். அதே ஆண்டு தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வகுப்புவரை அறிவியல் செய்முறையைக் கொண்டுபோகிறது. அந்த மன்றத்தின் கருத்தாளர்களைப் பொருத்தும் நாளுக்கு அழைத்தால் கிட்டுக்கு இன்னொரு துணை கிடைக்கும்.

வருமான வரிக்கழிவு எதிர்பார்ப்பவர்களுக்கு ஒன்று: 80ஜி என்று அறியப்படும் கழிவு பணமாகக் கொடுத்த நன்கொடைக்குத்தான், பொருளாகக் கொடுத்ததற்கு இல்லை. கழிவு வேண்டுமென்றால் தகுதியுள்ள அமைப்புக்கு வங்கி வழியாகப் பணம் கொடுத்து, வாங்குவதை அவர்களிடம் விட வேண்டும்.

எப்போது ஒப்படைப்பது

அக்டோபரில் வேண்டவே வேண்டாம். கொடுத்த மறுவாரம் மழை பிடித்தால் மூன்று மாதம் பெட்டி திறக்காது, அதற்குள் பயிற்சி மறந்துபோகும், பூஞ்சையும் பிடித்துவிடும். பொங்கல் விடுமுறை முடிந்ததும் பொருத்தும் நாள், அடுத்த வளர்பிறையில் முதல் இரவு. இப்படி வைத்தால் ஏப்ரல்வரை மூன்று அல்லது நான்கு வளர்பிறைகள் கையில் இருக்கும்.

தேதியை நிலாவை வைத்துக் குறியுங்கள். அமாவாசைக்குப் பிறகு நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை நல்லது. பௌர்ணமி கூடவே கூடாது. நேர்வெளிச்சத்தில் நிழல் விழாது, பள்ளமே தெரியாது. 2027ஐ எடுத்துக்கொண்டால் பிப்ரவரி 6 அமாவாசை, வியாழன் பிப்ரவரி 10ஐ ஒட்டிச் சூரியனுக்கு நேரெதிரே வருகிறது. எனவே 10, 11, 12 தேதிகளில் மேற்கே சனி, மேலே வளர்பிறை, எட்டு மணியளவில் கிழக்கே வியாழன். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் தெரியும்படி திரும்பியிருந்தது, இப்போது ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டு வருகிறது. ஆனாலும் 2027இல் இன்னும் மெல்லிய கோடாகவே தெரியும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாடநூல் படத்தை எதிர்பார்த்து வந்த பிள்ளை ஏமாறக் கூடாது.

பொருத்தும் நாள்

இரண்டு பாடவேளை, 90 நிமிடம். இதற்கு முன்னால் நீங்களே ஒரு கிட்டைப் பொருத்திப் பிரித்திருக்க வேண்டும்.

மேசைமேல் வெளிர்நிற வேட்டியோ போர்வையோ விரியுங்கள், உருளும் நட் அதில் நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு குழுவும் பாகங்களைப் பட்டியலோடு எண்ணட்டும். கை கழுவித் துடைத்த பிறகே லென்ஸ். லென்ஸை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் பட்டால் எண்ணெய் ஒட்டும், மழைக்காலத்தில் பூஞ்சை முதலில் பிடிப்பது அந்த ரேகையில்தான்.

முன் லென்ஸைத் திருப்பிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு முகங்களில் அதிகம் புடைத்தது வானத்தைப் பார்க்க வேண்டும், தட்டையானது கண்ணை. மாற்றிப் போட்டாலும் ஏதோ தெரியும், ஆனால் எவ்வளவு ஃபோகஸ் செய்தாலும் கூர்மை வராது. அதனால் பிள்ளைகள் லென்ஸைச் சந்தேகிக்காமல் தங்கள் கண்ணைச் சந்தேகிப்பார்கள். லென்ஸின் பக்கவாட்டில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் அடுத்த ஆண்டு பிரிக்கும்போதும் குழப்பமில்லை. ஐபீஸில் இரண்டு இரட்டை லென்ஸ்கள் இருந்தால் அவற்றின் புடைத்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும்.

பல கிட்களில் ட்ரைபாட் நட்டைக் குழாயின் இரு பாதிகளையும் மூடுவதற்கு முன்பே பள்ளத்தில் வைத்தாக வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் பிரிக்கணும். மூடியபின் ரப்பர் வளையங்கள், அப்புறம் ஃபோகஸர்.

எங்காவது விரிசல் விட்டால் ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசையைத் தொடாதீர்கள். அதன் ஆவி லென்ஸில் வெண்படலமாகப் படியும், துடைத்தாலும் போகாது. இன்சுலேஷன் டேப் போதும்.

சோதனையைப் பகலிலேயே செய்யுங்கள், சூரியனுக்கு எதிர்த்திசையில், அரை கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரமோ செல்போன் கோபுரமோ பார்த்து. பிம்பம் தலைகீழாக இருக்கும். குறையென்று பதறுவதற்குமுன் ஒளியியல் பாடத்தை அங்கேயே நடத்திவிடலாம். ஃபைண்டர் (குறிபார்க்க மேலே பொருத்திய சிறு குழாய்) உள்ள தொலைநோக்கியில் அதை ஒத்துவைப்பதும் இப்போதே. இரவில் ஒத்துவைக்கலாம் என்று விட்டால் முதல் இரவின் பாதி அதிலேயே கழியும்.

தூக்கிச் செல்வதையும் பயிற்சியில் சேருங்கள். 1808இல் நில அளவைக்கு வந்த வில்லியம் லாம்ப்டன், டெல்டாவில் ஏற மலை இல்லாததால் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றினார். கயிறு விட்டது, கருவி சுவரில் மோதி நெளிந்தது, பல வாரம் உட்கார்ந்து அவரே பழுதுபார்த்தார். பள்ளியிலும் குழாய் பார்க்கும்போது உடைவதில்லை, மாடிப்படியில்தான் உடைகிறது. குழாய் தனி, ட்ரைபாட் தனி, ஒருவர் கையில் ஒன்றுதான்.

முதல் இரவு

சனவரி, பிப்ரவரியில் ஆறேகால் வாக்கில் சூரியன் மறையும். ஐந்தரைக்கே எட்டு ட்ரைபாட்களையும் நிறுத்தி, கால்களுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பாயைப் போட்டுவிடுங்கள். தெருவிளக்கை மறைக்கச் சுவர் நிழலைப் பயன்படுத்தலாம். டார்ச் முகத்தில் சிவப்பு செலோஃபேன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள்.

முதலில் நிலா. வெளிச்சமும் நிழலும் பிரியும் கோட்டை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை மட்டும் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளையும் குழாயைப் பிடிக்கும். பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி முதுகைப் பக்கத்தில் வையுங்கள். கண்ணாடி அணிந்த பிள்ளை அதைக் கழற்றிவிட்டுத் தானே ஃபோகஸ் செய்யட்டும். சிலிண்டர் பவர் அதிகமுள்ளவர் மட்டும் கழற்ற வேண்டாம்.

பிறகு கோள்கள். பூமி சுழல்வதால் 25 மடங்கில் ஒன்றரை டிகிரி காட்சிப்புலத்தை ஒரு கோள் சுமார் ஆறு நிமிடத்தில் கடந்துவிடும், 50 மடங்கில் மூன்று நிமிடத்தில். மூன்றாவது பிள்ளை ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் காரணம் இதுதான். கோளைப் புலத்தின் கிழக்கு ஓரத்தில் வைத்துத் தொடங்குங்கள், தானே நடுவுக்கு நகர்ந்து வரும்.

பனி. தை, மாசி இரவில் வயல்வெளியில் ஏழரைக்கே முன் லென்ஸில் ஈரம் படியும். துடைக்கக் கூடாது. கறுப்புச் சார்ட்டைச் சுருட்டி 8 செ.மீ. நீளத்துக்கு முன்னால் நீட்டிவிட்டால் ஈரம் படிவது வெகுநேரம் தள்ளிப்போகும். படிந்துவிட்டால் குழாயைத் தரைநோக்கிச் சாய்த்து, அறைக்குள் பத்து நிமிடம் வைத்தால் போதும். அறுவடை இயந்திரம் ஓடும் நாள்களில் தூசு கனமாக இருக்கும். பக்கத்து வயலில் என்றைக்கு அறுப்பு என்று கேட்டுத் தேதி வையுங்கள்.

ஒவ்வொருவரும் நோட்டில் 5 செ.மீ. வட்டம் வரைந்து, பார்த்ததைப் பென்சிலால் குறிக்கட்டும். வியாழனை அடுத்தடுத்த நான்கு இரவு வரைந்தால், 1610 சனவரி 7 முதல் கலிலியோ கண்டதையே அவர்களும் காண்பார்கள்: புள்ளிகள் இடம் மாறுகின்றன. உட்புற நிலவான ஐஓ சுமார் 42 மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடும்.

சூரியன்

இந்தப் பகுதியைப் பயிற்சியில் இரண்டு முறை சொல்லுங்கள். தொலைநோக்கி வழியாகச் சூரியனை ஒரு கணம் பார்த்தாலும் பார்வை நிரந்தரமாகப் போகலாம், அப்போது வலிகூடத் தெரியாது. ஐபீஸில் திருகும் கறுப்பு சூரிய வடிகட்டி கிட்டில் இருந்தால், பள்ளிக்குக் கொடுக்குமுன் எடுத்து உடைத்துப் போட்டுவிடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும். எக்ஸ்ரே ஃபிலிம், வெல்டிங் கண்ணாடி எதையும் தொலைநோக்கியோடு சேர்க்கக் கூடாது. பிளாஸ்டிக் ஐபீஸ் வழியாகத் திரையில் பிம்பம் விழச் செய்தாலும் ஐபீஸ் உருகிவிடும். பொருத்தும் நாளின் சோதனை தவிர, பகலில் குழாய்கள் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், சாவி ஆசிரியரிடம்.

சூரியனுக்குக் குச்சி போதும். ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் தஞ்சை, திருவாரூர் வட்டாரத்தில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், செங்குத்தான குச்சிக்கு நிழல் இருக்காது. அது 12 மணிக்கு அல்ல, சில நிமிடம் தள்ளி. எத்தனை நிமிடம் என்று பிள்ளைகளே அளந்து கண்டுபிடிக்கட்டும்.

அடைமழைக்கு முன்

புரட்டாசி முடிவதற்குள் ஒரு மாலை இதற்கு. குழாய்களைப் பிரிக்க வேண்டாம். ஊதியால் தூசு போக்கி, தேவையென்றால் மட்டும் துணியில் ஒரு துளி ஆல்கஹால் விட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். பிளாஸ்டிக் லென்ஸுக்கு ஆல்கஹால் கூடாது, சுத்தமான தண்ணீர் தொட்ட துணி போதும். கடலோரப் பள்ளியில் திருகாணிகளுக்கு வாசலின் மெல்லத் தடவுங்கள். முடிந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல் திருகாணிக்கு மாற்றிவிடுங்கள்.

வெல்வெட் உறை, ஸ்பஞ்ச் பெட்டி, அட்டைப்பெட்டி எல்லாம் ஈரம் குடிக்கும், எலியும் கடிக்கும். தூக்கிப் போடுங்கள். குழாய்கள் நேராகக் காற்றுப்புகாப் பெட்டிக்குள், பெட்டிக்கு அரை கிலோ சிலிக்கா ஜெல் துணிப்பையில், கூடவே ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வாரக்கணக்கில் 70ஐத் தாண்டினால் பூஞ்சை சிலந்திவலைபோல் கிளம்பும். முதல் மாதத்தில் பிடித்தால் துடைத்துவிடலாம், விட்டால் லென்ஸின் பூச்சையே அரித்துவிடும். ஜெல் பச்சையானதும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறு தீயில் கிளறினால் மீண்டும் ஆரஞ்சாகும். ஆறியபின் உடனே பெட்டிக்குள்.

ஜெல்லுக்குப் பதில் அரிசி போடுவார்கள், தவிடு லென்ஸில் ஏறும். கற்பூரமும் பாச்சை உருண்டையும் ஆவியாகிக் கண்ணாடியில் படியும். பெட்டியில் அடங்காத பெரிய தொலைநோக்கிக்கு, மர அலமாரியின் அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை மழைமாதங்களில் எரியவிடலாம், துணியோ தாளோ அருகில் இல்லாமல். எல்இடி பல்பு அந்த வேலைக்கு ஆகாது, சூடு போதாது. குழாயின் இரு முனையிலும் மூடி இருக்கட்டும். திறந்த குழாயைக் கண்டால் குளவி மண்கூடு கட்டிவிடும்.

மழை நாள்களில் மாதம் ஒருமுறை ஆறு மாணவர்களில் ஒருவர் ஈரப்பதமானியைப் பார்த்து, பெட்டி மூடியில் ஒட்டிய தாளில் தேதியும் எண்ணும் எழுத வேண்டும். பெட்டியைத் திறக்கத் தேவையில்லை, வெளியிலிருந்தே தெரியும்படி மானியைப் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாம் தை

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில் நீங்களே போக வேண்டும். போனில் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். முதலில் மூடித்தாளைப் பாருங்கள், நவம்பர், டிசம்பர் எண்கள் இருக்கின்றனவா என்று. பிறகு ஒவ்வொரு குழாயின் முன் லென்ஸிலும் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சை நேரே பார்த்தால் தெரியாது, சாய்வொளியில்தான் தெரியும். ட்ரைபாட் பூட்டுகள் இறுகுகின்றனவா, ரப்பர் வளையங்கள் இளகிவிட்டனவா, எத்தனை நட் காணவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஆசிரியர் மாறிப் போயிருந்தால் புதியவருக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே கற்றுக்கொடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

போகும்போது பையில்: ரப்பர் வளையம் 16, நட் 8, சிலிக்கா ஜெல் அரை கிலோ, ஊதி, துணி, ஈரப்பதமானிக்குப் பேட்டரி, அந்த ஆண்டின் வளர்பிறைத் தேதிகள் அச்சிட்ட தாள் இரண்டு பிரதி. ஒன்று அறிவிப்புப் பலகைக்கு, இன்னொன்று பெட்டி மூடிக்கு.